அளவிடத்தக்க இலக்கு: ஓர் எழுத்துவகையின் உருவமும் உள்ளடக்கமும்

1

இலக்கியத் திறனாய்வு கவிதை, நாவல், நாடகம் என்பவற்றோடு தன் எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டுமென்ற எண்ணம் எம்மிடையே இன்றும் வலுவாகவே உள்ளது. மொழி எங்கெல்லாம் மனிதர்மீது அதிகாரம் செலுத்துகின்றதோ அங்கெல்லாம் திறனாய்வாளனுக்கு வேலையுண்டு என்பதே எமது நிலைப்பாடு. சட்டப்பிரிவு, மருத்துவ அறிக்கை, பாடசாலைப் பதிவேடு ஆகியனவும் எழுத்துக்களே. அவையும் ஒரு மரபின் விதிகளுக்குக் கட்டுப்பட்டு ஆக்கப்படுகின்றன. ஒரு குறிப்பிட்ட வாசகரை முன்னிறுத்துகின்றன. சிலவற்றைச் சொல்லிச் சிலவற்றை மறைக்கின்றன.

இக்கட்டுரையில் நாம் நோக்க எடுத்துக்கொள்வது அத்தகையதோர் எழுத்துவகையாகும். ஐக்கிய அமெரிக்காவின் அரச பாடசாலைகளில் விசேட கல்வி பெறும் ஒவ்வொரு மாணவருக்கும் ஆண்டுதோறும் தனியாள் கல்வித் திட்டம் ஒன்று எழுதப்படல் வேண்டும். அதன் நடுநாயகமாக அமைவது ‘அளவிடத்தக்க ஆண்டு இலக்கு’ எனப்படும் வாக்கியம். 2022-23 கல்வியாண்டில் அந்நாட்டில் இத்தகைய கல்வி பெற்றோர் ஏறத்தாழ 75 இலட்சம் பேர். அரச பாடசாலை மாணவருள் 15 வீதத்தினர். ஒருவருக்குச் சில இலக்குகளே எழுதப்படுவதாகக் கொண்டாலும், ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் ஆக்கப்படும் உரைநடை வடிவம் இது. இத்துணைப் பெருந்தொகையாக எழுதப்பட்டும் இலக்கிய மாணவரால் படிக்கப்படாத வடிவமும் இதுவே.

அவ்வாக்கியத்தின் பொது அமைப்பைக் காட்டுதற்கு, அம்மாதிரியைப் பின்பற்றி நாமே ஒன்றை ஆக்கிக்கொள்வோம்: ‘மூன்றாந் தரத்துக்குரிய, முன்னர் வாசித்திராத பந்தியொன்று கொடுக்கப்படுமிடத்து, மாணவர் ஒரு நிமிடத்தில் 90 சொற்களை, 95 வீதத் திருத்தத்துடன், ஐந்து முயற்சிகளுள் நான்கில் உரத்து வாசிப்பார்.’

இது வறண்ட வாக்கியம். ஆயின் ஒரு குழந்தையின் ஓராண்டு இதனுள் அடங்கியுள்ளது. அக்குழந்தை முன்னேறியதா இல்லையா என்பதை இவ்வாக்கியமே தீர்மானிக்கின்றது. எனவே இது எங்கிருந்து வந்தது, எதைச் சொல்கின்றது, யாருக்குப் பயன்படுகின்றது என்னும் வினாக்கள் வெறும் கல்வி நிர்வாக வினாக்கள் அல்ல.

2

முதலில் உள்ளடக்கத்தின் வரலாற்றை நோக்குவோம். இவ்வாக்கியத்தை அதிகார வர்க்கத்தின் கண்டுபிடிப்பு எனக் கொள்வது தவறாகும். இதன் பிறப்பு ஒரு சமூகப் போராட்டத்திலேயே நிகழ்ந்தது.

1954 இல் இனவாரியான பாடசாலைப் பிரிவினையை உயர் நீதிமன்றம் நிராகரித்த தீர்ப்பு, கறுப்பின மக்களின் நீண்ட போராட்டத்தின் விளைவு. அதன் தர்க்கத்தையே இயலாமையுடைய பிள்ளைகளின் பெற்றோர் தமதாக்கிக்கொண்டனர். பென்சில்வேனியாவில் 1971 இலும் 1972 இலும், தலைநகர் வாஷிங்டனில் 1972 இலும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு வெளியே நிறுத்துதல் சட்டத்துக்கு முரணானதென அவர்கள் நீதிமன்றங்களில் நிலைநாட்டினர். 1975 நவம்பர் 29 இல் 94-142 ஆம் இலக்கச் சட்டம் கையொப்பமாயிற்று. இயலாமையுடைய பிள்ளைகள் 80 இலட்சத்துக்கு மேற்பட்டோர் உளர் என்றும், அவருட் பாதிக்கு மேற்பட்டோர் தக்க கல்வி பெறவில்லை என்றும், 10 இலட்சம் பேர் அரச பாடசாலை அமைப்பிலிருந்து முற்றாக ஒதுக்கப்பட்டுள்ளனர் என்றும் அச்சட்டமே தன் முகப்பில் ஒப்புக்கொண்டது.

இப்பின்னணியிலேயே அளவீட்டுக்கான கோரிக்கையை விளங்கிக்கொள்ளல் வேண்டும். பிள்ளையைப் பாடசாலைக்குள் அனுமதித்துவிட்டு ஒரு மூலையில் இருத்திவைத்தல் எளிது. அவ்வாறு இருத்தப்பட்ட பிள்ளை எதையேனும் கற்றதா என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு வேண்டியிருந்தது. அவ்வுரிமை எழுத்தில் இருக்கவேண்டுமாயின், தொடக்கத்தில் பிள்ளை நின்ற இடமும் ஆண்டிறுதியில் நிற்கவேண்டிய இடமும் குறிக்கப்படல் வேண்டும். ஆகவே அளவு என்பது இங்கு கீழிருந்து மேல்நோக்கி எழுந்த கோரிக்கை; அரசைக் கணக்குக் கேட்பதற்கான கருவி. ‘குழந்தையை எண்ணாக்கலாமா’ என்று மனம் நோகும் மனிதாபிமானிகள் இவ்வரலாற்றை மறந்துவிடுகின்றனர். எண்ணப்படாமையே அப்பிள்ளைகளுக்கு இழைக்கப்பட்ட முதலாவது அநீதி என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

3

ஆயின் புதிய உள்ளடக்கம் தனக்குரிய உருவத்தைத் தானே படைத்துக்கொள்ளவில்லை. ஏற்கெனவே ஆயத்தமாயிருந்த உருவமொன்றுள் அது புகுந்துகொண்டது. அவ்வுருவம் தொழிற்சாலையிலிருந்து வந்தது.

1911 இல் பிரெட்ரிக் டெயிலர் விஞ்ஞான முகாமைத்துவம் பற்றிய தமது நூலை வெளியிட்டார். தொழிலாளியின் செயலைச் சிறு அசைவுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் நேரங்காட்டி கொண்டு அளந்து, நியம வேகமொன்றை விதித்தல் அவரது முறை. 1918 இல் பிராங்ளின் பொபிற் கலைத்திட்டம் பற்றி எழுதிய நூலில் அத்தர்க்கம் பாடசாலைக்கு வந்து சேர்ந்தது. 1962 இல் றொபேட் மேகர் கற்பித்தற் குறிக்கோள்களை எழுதும் முறை பற்றி வெளியிட்ட சிறு நூல், குறிக்கோள் வாக்கியத்துக்கு மூன்று உறுப்புகளை வகுத்தது: கவனிக்கத்தக்க செயல், அச்செயல் நிகழும் நிபந்தனை, ஏற்கத்தக்க அளவு. இயந்திரவழிக் கற்பித்தலும் நடத்தைவாத உளவியலும் செல்வாக்குற்றிருந்த காலம் அது. 1981 இல் ஜோர்ஜ் டொறன் முகாமைத்துவச் சஞ்சிகையொன்றில், நிறுவன முகாமையாளர் இலக்குகளை எழுதவேண்டிய முறையை ஐந்து எழுத்துக்களாலான சுருக்கச் சொல்லொன்றில் அடக்கினார். இன்று விசேட கல்வி ஆசிரியர் பயிற்சிகளில் பெரிதும் எடுத்தோதப்படுவது அச்சுருக்கச் சொல்லே.

மேலே நாம் ஆக்கிய வாக்கியத்தை மீண்டும் படித்தால் மேகரின் மூன்று உறுப்புகளும் அதில் வரிசையாக நிற்பதைக் காணலாம். இனி அதன் இலக்கணத்தைக் கவனிப்போம்.

முதலாவதாக, ‘பந்தியொன்று கொடுக்கப்படுமிடத்து’ என்பது செயப்பாட்டு வினை. கொடுப்பவர் யார் என்பது சொல்லப்படவில்லை. ஆசிரியர், பாடசாலை, கல்வித் திணைக்களம், அரசு ஆகிய அனைத்தும் அவ்வொரு வினைமுடிபின் பின்னே மறைந்துவிடுகின்றன. இரண்டாவதாக, வாக்கியத்தின் ஒரே எழுவாய் மாணவர். ஒரே செய்வினை அவருடையது. எனவே இலக்கு நிறைவேறாதபோது, வாக்கியத்தின் இலக்கணப்படி தவறக்கூடியவர் ஒருவரே உளர். கற்பிக்காமை என்ற தவறை இவ்வாக்கியத்தில் எழுதவே இடமில்லை. மூன்றாவதாக, வாசிக்கப்படுவது எது என்பது பொருட்டல்ல. பந்தி எதைப் பற்றியதாகவும் இருக்கலாம். குறிப்பிட்ட ஒரு குழந்தை குறிப்பிட்ட ஒரு கதையை வாசித்து அடைந்த விளக்கமோ மகிழ்ச்சியோ கழிக்கப்பட்டு, நிமிடத்தால் வகுக்கப்பட்ட வாசிப்பு மாத்திரம் எஞ்சுகின்றது. தூலமான உழைப்பு நேரத்தால் அளக்கப்படும் அருவ உழைப்பாக மாறுவது பற்றி மார்க்ஸ் விளக்கியதை அறிந்தோருக்கு இம்மாற்றம் புதிதன்று.

இவ்விலக்கணத்துக்கு வெளியே விடப்பட்ட ஒன்றையும் இங்கு சுட்டுதல் தகும். 1975 ஆம் ஆண்டுச் சட்டம், நாட்டின் சராசரி மாணவர் ஒருவருக்கான செலவின் 40 வீதம் வரை கூட்டரசு மேலதிகமாக வழங்கலாமென எல்லை வகுத்தது. அத்தொகை இன்றுவரை எந்த ஆண்டிலும் முழுமையாக வழங்கப்பட்டதில்லை. குழந்தையிடம் 95 வீதம் கோரும் அமைப்பு, தனக்கே வகுத்துக்கொண்ட 40 வீதத்தை ஒருமுறையேனும் எட்டவில்லை. அரசின் அடைவுமட்டத்தை ஐந்து முயற்சிகளுள் நான்கில் பரிசோதிக்கும் படிவம் எதுவும் ஆக்கப்படவில்லை.

4

உருவம் பற்றிய இக்கண்டனத்தோடு நின்றுவிடுதல் எளிது. அளவீட்டை முழுமையாக முதலாளித்துவப் புறவயவாதத்தின் சூழ்ச்சியெனத் தள்ளிவிடும் முற்போக்காளர் சிலர் அவ்வாறே நின்றுவிடுகின்றனர். இயங்கியல் நோக்கு இதற்கு மேலுஞ் செல்லவேண்டும்.

அளவீட்டின் வரலாற்றிலேயே இரு போக்குகள் ஒன்றோடொன்று மோதிவந்துள்ளன. 1905 இல் அல்பிரட் பினே, சிமோனுடன் சேர்ந்து தமது சோதனையை ஆக்கியது, பாரிஸ் பாடசாலைகளில் மேலதிக உதவி வேண்டிய பிள்ளைகளை இனங்காண்பதற்கே. ஒருவரது அறிவுத்திறன் கூட்டமுடியாத நிலையான அளவு என்ற கருத்தை அவர் 1909 இல் வெளிப்படையாகவே கண்டித்தார். அச்சோதனை அமெரிக்காவை அடைந்ததும் அதன் பொருள் தலைகீழாயிற்று. கொடாட், ரேர்மன் ஆகியோர் கையில் அது பிறப்பிலேயே அமைந்த தகுதியை வெளிப்படுத்தும் கருவியாகியது. கலிபோர்னியாவில் கறுப்பினப் பிள்ளைகள் நுண்மதிச் சோதனையின் பெயரால் மனவளர்ச்சி குன்றியோர்க்கான வகுப்புகளில் விகிதத்துக்கு மீறிச் சேர்க்கப்பட்டமை, 1979 ஆம் ஆண்டு லரி பி. வழக்குத் தீர்ப்பில் அம்பலமாயிற்று. ஒரே கருவி, இரண்டு சமூக உறவுகள், இரண்டு விளைவுகள்.

இதனோடு ஒப்பிடத்தக்கது, மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டெனோவும் அவரது சகாக்களும் 1970 களின் பிற்பகுதி தொட்டு வளர்த்த கலைத்திட்டஞ்சார் அளவீடு. அதன் முறை மிக எளிமையானது. பிள்ளை வாரந்தோறும் ஒரு நிமிடம் வாசிக்கும். பிழையின்றி வாசித்த சொற்கள் எண்ணப்படும். எண் வரைபில் ஒரு புள்ளியாகும். தொடக்க நிலையிலிருந்து ஆண்டிறுதி இலக்குவரை ஒரு கோடு வரையப்பட்டிருக்கும். தொடர்ச்சியாக நான்கு புள்ளிகள் அக்கோட்டுக்குக் கீழே விழுமாயின் மாற்றப்படவேண்டியது கற்பித்தல் முறை என்பது பரவலாகக் கையாளப்படும் விதி.

இவ்விதியின் முக்கியத்துவத்தைப் பலர் உணர்வதில்லை. முன்னர் நாம் கண்ட வாக்கியத்தின் இலக்கணம் இங்கு திருத்தி எழுதப்படுகின்றது. புள்ளி கீழே விழும்போது குற்றஞ்சாட்டப்படுவது குழந்தையன்று, கற்பித்தலே. மறைந்திருந்த எழுவாய் வெளியே இழுத்துவரப்படுகின்றது. ஒரு நிமிட வாசிப்பு வாசிப்பின் முழுமையன்று என்பது உண்மையே. அது விளங்கிக்கொள்ளலோடு நெருங்கிய தொடர்புடையதென ஆய்வுகள் காட்டியதனாலேயே குறிகாட்டியாகத் தெரிந்தெடுக்கப்பட்டது. உடல்வெப்பமானி காய்ச்சலைக் காட்டும். வெப்பமானியைத் தண்ணீரில் தோய்த்துக் காய்ச்சலை மாற்ற முயல்வோர் இல்லை. ஆனால் குறிகாட்டியே இலக்காகிவிடும்போது பாடசாலைகளில் நிகழ்வது அதுவே: பொருள் விளங்காமல் விரைந்து வாசிக்கப் பிள்ளை பழக்கப்படுகின்றது, கோடு மேலே செல்கின்றது, அறிக்கை நிறைவாக அமைகின்றது.

அளவு இன்றேல் என்ன நிகழும் என்பதற்கும் சான்றுண்டு. 2017 மார்ச் 22 இல் என்ட்ரூ எஃப். வழக்கில் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கொலராடோ மாநிலத்தில் தற்சிந்தனை நிலையுடைய சிறுவன் ஒருவனின் பெற்றோர் முன்வைத்த முறைப்பாடு மிகத் தெளிவானது: ஆண்டுக்காண்டு எழுதப்பட்ட திட்டங்களில் அதே இலக்குகளே பெரும்பாலும் திரும்பத் திரும்ப வந்தன, ஆகவே பிள்ளை முன்னேறவில்லை. கீழ் நீதிமன்றங்கள், இல்லையென்று சொல்லமுடியாத அளவுக்குச் சிறிதளவு பயன் கிட்டினாற் போதுமென்றிருந்தன. உயர் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. பிள்ளையின் சூழ்நிலைக்குத் தக்க முன்னேற்றத்தை நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய திட்டமே சட்டத்தை நிறைவேற்றுமென அது வரையறுத்தது. இவ்விடத்தில் அப்பெற்றோர் ஆற்றியது ஒரு வகை மூலபாடத் திறனாய்வு எனலாம். வெவ்வேறு ஆண்டுகளின் பிரதிகளை அருகருகே வைத்து ஒப்புநோக்கி, எழுதப்பட்டது புதிய பிரதியன்று, பழையதன் படியே என அவர்கள் நிறுவினர். இலக்குகள் எழுத்தில் இராதிருந்தால் அவ்வாதம் எழுந்திருக்கவே முடியாது.

5

இனி மிகக் கடினமான முரண்பாட்டுக்கு வருவோம். அளவுகோல் அனைவருக்கும் ஒன்றா, அன்றி ஆளுக்கொன்றா?

1997 ஆம் ஆண்டுத் திருத்தம், இயலாமையுடைய மாணவரும் மாநிலப் பரீட்சைகளிற் பங்குகொள்ள வேண்டுமென விதித்தது. பங்குகொள்ள இயலாதோருக்கு மாற்றுக் கணிப்பீடு ஆக்கப்படல் வேண்டுமெனவும் கூறியது. 2002 ஜனவரியிற் கையொப்பமான ‘எந்தப் பிள்ளையும் பின்தங்கலாகாது’ என்ற சட்டம், 2014 ஆம் ஆண்டளவில் அனைவரும் ஒரே தேர்ச்சிமட்டத்தை அடைதல் வேண்டுமென்றது. அவ்விலக்கு எட்டப்படவில்லை என்பது வரலாறு. 2015 இல் அதனிடத்தை எடுத்துக்கொண்ட சட்டம், ஒவ்வொரு பாடத்திலும் மாற்றுக் கணிப்பீட்டுக்குத் தோற்றுவோர் மாநிலத்தில் கணிக்கப்படும் மாணவருள் 1 வீதத்தை விஞ்சலாகாது என எல்லையிட்டது.

இருபக்க நியாயமும் வலுவுடையது. பொது அளவுகோல் இல்லாதபோது, ‘இவனால் இவ்வளவே முடியும்’ என்ற அலட்சியம் சட்டபூர்வமாகிவிடுகின்றது. பொது அளவுகோல் மாத்திரம் இருப்பின், பேச்சற்ற ஒரு பிள்ளை முதன்முறையாகப் படமொன்றைச் சுட்டித் தன் விருப்பத்தைத் தெரிவித்த மகத்தான முன்னேற்றம் பூச்சியமாகப் பதிவாகின்றது.

இம்முரண்பாட்டை 1875 இலேயே மார்க்ஸ் கோதா வேலைத்திட்டத்தின் மீதான விமர்சனத்தில் கண்டிருந்தார். சமமற்ற தனியாட்களுக்குச் சமமான அளவுகோலைப் பிரயோகிக்கும்போது, அச்சம உரிமையே சமத்துவமின்மைக்கான உரிமையாகிவிடுகின்றது என்பது அவர் வாதத்தின் சாரம். அளவுகோல் மனிதரை ஏதோ ஒரு பக்கத்தால் மட்டுமே காணும். ஏனைய பக்கங்கள் கணக்கில் வாரா. ஆயின் சமவுரிமைக் கோரிக்கையைக் கைவிடும்படி மார்க்ஸ் இங்கு கூறவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. அது பழைய சமுதாயத்திலிருந்து வெளிவரும் புதிய சமுதாயத்தின் தவிர்க்கவியலாத குறை. தேவையை அடிப்படையாகக் கொண்ட சமுதாயத்திலேயே அது தாண்டப்படும். தனியாள் கல்வித் திட்டம், முதலாளித்துவ சட்ட அமைப்பினுள்ளேயே தேவை என்ற அடிப்படையை ஒரு சிறு பிரதேசத்தில் ஏற்றுக்கொண்ட விசித்திரமான ஆவணம். அதன் பெருமையும் அதுவே, அதன் ஓயாத நெருக்கடியும் அதுவே.

பொது அளவுகோலின் குருட்டுத்தன்மைக்கு 1982 ஆம் ஆண்டு ரௌலி வழக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. செவிப்புலன் குன்றிய ஒரு சிறுமி உதட்டசைவைப் படித்தே வகுப்பில் சராசரிக்கு மேலாகத் தேறினாள். ஆயினும் செவிப்புலன் இருந்திருப்பின் விளங்கிக்கொண்டிருக்கக் கூடியதில் பெரும் பகுதியை அவள் இழந்தாளென விசாரணை நீதிமன்றம் கண்டது. அவள் தரத்துக்குத் தரம் சித்தியடைவதால் சைகைமொழிபெயர்ப்பாளரை வழங்கவேண்டிய கடப்பாடு இல்லையென உயர் நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையால் தீர்மானித்தது. அவளது புள்ளிகள் உயர்ந்திருந்தமையே அவளது இழப்பை மறைத்தது.

6

இங்குதான் லெவ் விகொட்ஸ்கி எமக்கு வேண்டப்படுகின்றார். 1920 களில் மொஸ்கோவில் பார்வை, செவிப்புலன், அறிவு வளர்ச்சி ஆகியவற்றிற் குறைபாடுடைய பிள்ளைகளிடையே பணியாற்றிய அவர், உடற்குறையையும் அதன் சமூக விளைவையும் வேறுபடுத்தினார். பார்வையின்மை உயிரியல் உண்மை. கல்வியின்மை சமூக உண்மை. பிறெயில் எழுத்து கண்ணைத் திருப்பித் தருவதில்லை. பண்பாட்டுக்கு வேறொரு வழியைத் திறந்துவிடுகின்றது.

அளவீடு பற்றிய அவரது மிகப்பெரிய பங்களிப்பு 1934 இல் வெளிவந்த ‘சிந்தனையும் பேச்சும்’ என்ற நூலிலே உள்ளது. தனித்துச் சோதித்தபோது எட்டு வயதுக்குரிய மட்டத்தை எட்டிய இரு பிள்ளைகளை அவர் எடுத்துக்காட்டுகின்றார். சிறிது உதவி வழங்கியதும் ஒரு பிள்ளை பன்னிரண்டு வயதுக்குரிய கணக்குகளைத் தீர்க்கின்றது. மற்றது ஒன்பது வயதுக்குரியவற்றோடு நின்றுவிடுகின்றது. தனித்துப் பெற்ற எண் சமம். ஆயினும் பிள்ளைகள் சமமல்லர். உதவியோடும் உதவியின்றியும் அடையும் நிலைகளுக்கிடைப்பட்ட வெளியே கற்பித்தலுக்குரிய களம். ரௌலி வழக்கில் நீதிமன்றம் அளக்கத் தவறியது அவ்வெளியையே.

எமது மரபைப் பற்றியும் நாம் நேர்மையாகப் பேசுதல் வேண்டும். 1936 ஜூலையில் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்திய குழு, குழந்தை உளவியற் சோதனைகளை ஓர் ஆணையினால் தடைசெய்தது. அத்தடையின் நிழலில் விகொட்ஸ்கியின் எழுத்துக்களும் பல ஆண்டுகள் மறைந்துகிடந்தன. சோதனை ஒழிந்ததால் இயலாமையுடைய பிள்ளைகள் விடுதலை பெற்றுவிடவில்லை. அவர்களுட் பெருந்தொகையினர் தனித்த நிறுவனங்களுள் ஒதுக்கப்பட்டே வாழ்ந்தனர். கருவியை உடைப்பது உறவை மாற்றுவதாகாது என்பதற்கு எமது வரலாறே சாட்சி.

7

இதுவரை கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். முன்னேற்ற இலக்கு ஒன்றை வாசிக்கும் பெற்றோரும் ஆசிரியரும் அதனிடம் நான்கு வினாக்களைக் கேட்டல் நன்று. தொடக்க நிலை உண்மையில் அளக்கப்பட்டதா? மாணவர் என்ன செய்வார் என்பதோடு, அதற்காகப் பாடசாலை என்ன செய்யும் என்பதும் அதே தெளிவுடன் எழுதப்பட்டுள்ளதா? உதவியுடன் அடைந்ததும் உதவியின்றி அடைந்ததும் வேறுவேறாகப் பதியப்படுகின்றனவா? எண் கீழே விழும்போது மாற்றப்படப் போவது எது, எப்போது?

இடைக்கட்டங்களையும் சேர்த்துக் கேட்கலாம். 2004 ஆம் ஆண்டுத் திருத்தம், மாற்று அடைவு நியமங்களின்படி கணிக்கப்படுவோர் தவிர்ந்த ஏனையோருக்குக் குறுங்கால நோக்கங்களை எழுதவேண்டிய கட்டாயத்தை நீக்கிவிட்டது. ஆசிரியரின் எழுத்துச் சுமையைக் குறைப்பது நியாயமான நோக்கமே, அவர்களும் உழைப்பாளரே. ஆயின் முதல் அத்தியாயத்தையும் இறுதி அத்தியாயத்தையும் மாத்திரம் அச்சிட்ட நாவல் போலத் திட்டம் ஆகிவிட்டது. வளர்ச்சி நிகழ்வது நடுவிலேயே.

இப்பொருள் தொலைநாட்டுக்குரியதென எமது வாசகர் கருதலாம். இலங்கை 1996 இல் இயலாமையுடையோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 28 ஆம் இலக்கச் சட்டத்தை ஆக்கியது. 2016 இல் ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை ஏற்றுறுதி செய்தது. அச்சமவாயத்தின் 24 ஆம் உறுப்புரை தனியாளுக்கேற்ற உதவியைக் கோருகின்றது. படிவங்கள் எளிதிற் கடல் கடப்பவை. அவற்றை ஆக்கிய போராட்டங்கள் அவ்வாறு கடப்பதில்லை. பெற்றோரின் கேள்வி கேட்கும் உரிமையை விட்டுவிட்டு வீதக்கணக்கை மாத்திரம் இறக்குமதி செய்வோமாயின், உள்ளடக்கத்தை இழந்த உருவமே எமக்குக் கிட்டும்.

அளவிடத்தக்க இலக்கு எனும் வாக்கியத்தைக் கிழித்தெறிதல் எமது கடமையன்று. அதன் மறைந்துபோன எழுவாயை மீட்டு, ‘நாம் கற்பிப்போம்’ என்ற வினையை அதனுள் எழுதுவித்தலே கடமையாகும்.